திமிங்கிலத்தைப் பார்க்காத பெண்மணி

எழும்பூர் அருங்காட்சியகத்தில், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு அருகே நின்றபோதுதான் அந்தப் பெண்மணியை முதன்முதலாகக் கண்டேன். மஞ்சள் நிறச் சேலை; கையில் ஒயர் கூடை; நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. கூடத்திலிருந்த அனைவரும் வாய் பிளந்து எலும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் மட்டும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடம் முழுவதும் பழைய மரமும் பூச்சி மருந்தும் கலந்த நெடி. என் பேத்தி இனியா, எட்டு வயதினள், கேள்விகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இது எவ்ளோ வெயிட்டு இருக்கும்?"

எங்களுடன் வந்திருந்த செல்வம் என்பவர், "தெரியலையே பாப்பா, வா, போர்டுல போட்டுருக்கான்னு பாக்கலாம்" என்றார்.

தெரியாததைத் தெரியாது என்று உடனே சொல்பவர் நேர்மையாளராக இருக்கலாம். அல்லது நேர்மையாளராகத் தோன்றுவது எப்படி என்று நன்கறிந்தவராக இருக்கலாம். இரண்டில் எது என்று அறியவே நான் அன்று அங்கே போயிருந்தேன். திமிங்கிலம் ஒரு சாக்கு. என் மகள் பூங்கொடிக்கு இரண்டாம் முறையாக ஒரு வாழ்க்கை அமையுமா என்பதே எங்கள் முன் இருந்த வினா. அதற்கான விடை அந்தச் செல்வத்திடம் இருந்தது.

நாற்காலிகளும் விடைகளும்

பூங்கொடியின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் காய்ச்சலில் மறைந்தார். அதன்பின் அவள் இனியாவுடன் பட்டாபிராமில் உள்ள எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை நிறுவனமொன்றில் மேற்பார்வையாளர் வேலை. காலையில் போவாள், மாலையில் வருவாள், குழந்தைக்குப் பாடம் சொல்வாள். எதைக் கேட்டாலும் "வேண்டாம்பா" என்பதே அவளது மறுமொழி.

என் மனைவி தனபாக்கியம் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையின் தையற்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள். அவளுடன் வேலை பார்த்த தோழி ஒருத்தி கொண்டுவந்த இடம்தான் செல்வம். கொரட்டூர்க்காரர். தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறையில் வேலை. வயது நாற்பதை நெருங்கியும் மணமாகாதவர். படத்தைப் பார்த்த பூங்கொடி, "பேசிப் பாக்கலாம்மா" என்றாள். வேண்டாம் என்னும் சொல் அவள் வாயிலிருந்து வராத முதல் நாள் அது.

தனபாக்கியம் உடனே கேசரிக்கு ரவை வறுக்கப் போய்விட்டாள். நான் தடுத்தேன்.

எங்கள் தெருவில் பெரும்பாலோர் தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வெளியேறி மனை வாங்கிக் கட்டியவர்கள். குடியிருப்பின் பழக்கம் அவர்களை விடவில்லை. அங்கே ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த வரிசை முழுவதிலும் நாற்காலி இரவல் வாங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் போனபின், நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கும்போது விடையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். "ஊருக்குப் போய்க் கடிதம் போடுறாங்களாம்" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியைத் தூக்கிச் சென்ற தாய்மார்களின் முகங்களை நான் கண்டிருக்கிறேன். பூங்கொடிக்காக அந்த ஊர்வலம் நடப்பதை நான் விரும்பவில்லை.

மேலும், கேசரித் தட்டுக்கு முன்னால் எல்லா மனிதரும் நல்லவரே. நுழைவுச்சீட்டு வரிசையில், வெயிலில், பசியில், குழந்தை அடம்பிடிக்கும் வேளையில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். ஆகவே இரு நிபந்தனைகள் விதித்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நகரத்தில் குடும்பங்கள் செல்லும் இடங்களில் சந்திப்பது. அவர் தனியாக வருவது. உற்றார் உறவினர் புடைசூழ வந்தால் பேச்சு முழுவதும் உறவினருடையதாகிவிடும். மாப்பிள்ளை அவர்கள் முதுகுக்குப் பின்னால் மறைந்துகொள்வார்.

"பொண்ணு பாக்கச் சொன்னா இவரு பரீட்ச வெச்சிக்கினு கீறாரு" என்றாள் தனபாக்கியம்.

செத்த காலேஜு

இடங்களைத் தேர்ந்தெடுத்தவள் பூங்கொடி. கைப்பேசியில் ஏதோ ஓர் இணையப் பக்கம், 'குழந்தைகளோடு கண்டு மகிழத்தக்க இடங்கள்' என்று சென்னையைப் பற்றி எழுதியிருந்தது. அதை எழுதியவர் ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அவ்விடங்களுக்குப் போயிருப்பாரா என்று எனக்கு ஐயம். போயிருந்தால் கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, எந்த நாளில் கதவு பூட்டியிருக்கும் என்றல்லவா முதலில் எழுதியிருப்பார்? எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன்.

அருங்காட்சியகம் என்னும் சொல்லை வகுப்பறையில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். ஆனால் இந்த நகரத்து எளிய மக்கள் தாங்களாகவே அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: செத்த காலேஜு. விலங்குக்காட்சிச் சாலை உயிர் காலேஜு. எந்தச் சொல்லாக்கக் குழுவும் கூடாமலே பிறந்த அவ்விரு பெயர்களின் துல்லியத்தை எண்ணி நான் வியந்ததுண்டு. ஒன்றில் உயிர் போனவை; மற்றொன்றில் உயிர் உள்ளவை. இரண்டிலும் கற்பதற்கு உண்டு.

அன்று செத்த காலேஜில் நான் கற்றுக்கொண்டது இது. செல்வம் வரிசையில் யாரையும் முந்தவில்லை. இனியா காலணிக்குள் கல் புகுந்தது என்றபோது குனிந்து எடுத்துவிட்டார். பூங்கொடியிடம் அதிகம் பேசவில்லை. குறைகாண ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்கு உறுத்தியது. முதல் நாளிலேயே குறையின்றி நடக்கும் மனிதர் ஒத்திகை பார்த்து வந்தவராயிருப்பார்.

பின்னர்ச் செப்புத் திருமேனிகள் உள்ள பகுதிக்குப் போனோம். மங்கிய வெளிச்சத்தில் ஆடவல்லான் நின்றிருந்தார். அங்கேயும் அந்த மஞ்சள் சேலை. தூணோரம் நின்று, எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். காட்சிப் பொருளைப் பார்க்காதவர் காட்சிச்சாலைக்கு எதற்கு வருகிறார்?

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல்வத்தின் கண்கள் அந்தத் தூணின் பக்கம் போயின. உடனே திரும்பிக்கொண்டன. ஒரு நொடிதான். ஆயினும் நான் கண்டேன்.

தனபாக்கியத்தின் காதில் சொன்னேன்.

"கூட்டத்துல ஒரு பொம்பள நிக்கிறா. அதுக்கு இன்னா இப்போ?" என்றாள் அவள். "நீங்க அந்தப் புள்ளைய பாக்க வந்தீங்களா, போற வர்றவள பாக்க வந்தீங்களா?"

கிண்டியில் நடந்தது

இரண்டாம் ஞாயிறு கிண்டி சிறுவர் பூங்கா.

அந்நாள்களில் எங்கள் தெருவின் கைப்பேசிப் புலனக் குழுவில் ஒரு குரற்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் நகருக்குள் புகுந்திருக்கிறதாம். தின்பண்டம் கொடுத்துக் கூட்டிப் போகிறார்களாம். பேசியவர் யார், எந்த ஊர், எப்போது என்று ஒன்றுமில்லை. அவ்வகைப் பதிவுகளை நான் நம்புவதில்லை. ஆயினும் நம்பாத செய்தியும் காதுக்குள் போய்த் தங்கிவிடுகிறது.

பூங்காவில் நெரிசல். குரங்குக் கூண்டருகே பாப்கார்ன் மணமும் விலங்குகளின் மூத்திர நெடியும் ஒன்றாக வீசின. மயில் ஒன்று தோகையை விரிப்பதாகப் போக்குக் காட்டி எல்லோரையும் காக்க வைத்தது. செல்வமும் பூங்கொடியும் சற்றுத் தள்ளி மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தனர். பூங்கொடி எதற்கோ சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நெடுநாள் ஆகியிருந்தது. நானும் தனபாக்கியமும் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் இனியா அருகில் இல்லை.

மயிற்கூண்டின் மறுபக்கம் நின்றிருந்தாள். அவள் முன்னே, தரையில் குந்தியபடி, அதே மஞ்சள் சேலை. ஒயர் கூடையிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்துக் குழந்தையின் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் எப்படி அங்கே சென்றேன் என்று தெரியாது. அந்தப் பெண்மணியின் கூடையைப் பற்றி இழுத்தேன்.

"யாரம்மா நீ? போன வாரமும் எங்களைத் தொடர்ந்து வந்தாயே! குழந்தைக்கு என்ன கொடுக்கிறாய்?"

உரத்த குரலில் கேட்டுவிட்டேன். வகுப்பறையில் பழகிய குரல். நாலாபுறமும் தலைகள் திரும்பின.

"இன்னாபா, இன்னா மேட்டரு?"

"புள்ள புடிக்கிறவளாம் மச்சான்!"

"கூடைல இன்னா கீதுன்னு பாரு. போன எடு, வீடியோ போடு!"

இளைஞர் மூவர் அவரைச் சுற்றி நின்றனர். ஒருவன் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தான். கூடை சாய்ந்து கடலை உருண்டைகள் மண்ணில் உருண்டன. கூட்டம் நெருங்கியது. எனக்கு அப்போதுதான் அச்சம் பிறந்தது. நான் எழுப்பிய ஐயம் என் கையை விட்டுப் போய், முன்பின் அறியாத பத்துப் பேரின் கைகளில் இருந்தது. நானே "பொறுங்கள், பொறுங்கள்" என்றேன். யாரும் கேட்கவில்லை.

செல்வம் ஓடிவந்தார். கூட்டத்தை இரு கைகளாலும் விலக்கி, அந்தப் பெண்மணிக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, போன கீழ எறக்கு. இது எங்க அக்கா. என்னைப் பெத்த தாயி மாதிரி. யாராவது மேல கை வெச்சீங்க..."

குரல் உடைந்து நின்றுவிட்டது. இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "சாரி அண்ணாத்தே, பெரியவருதான் கத்துனாரு" என்று என்னைக் காட்டிவிட்டு நகர்ந்தனர்.

அந்தப் பெண்மணி மெல்ல எழுந்தார். சேலை மண்ணைத் தட்டினார். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"இன்னா பெர்சு, நான் புள்ள புடிக்கிறவளா? கொரட்டூர் டேசனாண்ட வந்து கேளு, சரசக்கான்னா யாருன்னு. இட்லி சுட்டு வித்து இவன வளத்தேன். எங்கம்மா செத்தப்போ இவனுக்கு நாலு வயசு. இவனுக்கு வரப்போறவ மூஞ்ச நான் பாக்கக் கூடாதா? தனியா வரணுமாமே, தனியா! இவன் இன்னா கோர்ட்டுக்கா வர்றான்?"

தனபாக்கியம்தான் முன்னால் வந்து, சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வெச்சிக்காதம்மா. இவரு அப்புடித்தான். வூட்டுக்குப் பால் ஊத்துறவனையே மூணு கேள்வி கேட்டுத்தான் வாங்குவாரு."

"நல்லா கேக்கட்டும். அதுக்கு என்னைக் கூட்டத்துல வுட்டு அடிக்கவா?"

இனியா கையிலிருந்த கடலை உருண்டையை அதற்குள் தின்றுவிட்டிருந்தாள். "தாத்தா, நல்லா இருக்கு" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

பூங்கொடி மண்ணில் கிடந்த உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

தெரியுமா, தெரியாதா

வீடு திரும்பும்போது தொடர்வண்டியில் மூவரும் எனக்கு எதிர் இருக்கையில் அமர்ந்தனர். வில்லிவாக்கம் தாண்டியதும் தனபாக்கியத்திடம் மெதுவாகக் கேட்டேன்.

"அந்த அம்மாள் பின்தொடர்ந்து வந்தது செல்வத்துக்குத் தெரியுமா?"

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள்.

என் கேள்வியில் பிழை இருப்பதாக நான் இன்றும் கருதவில்லை. பூங்காவில் செல்வம், "எனக்குச் சத்தியமா தெரியாது சார். அக்கா கடைல இருக்குன்னுதான் நெனச்சேன்" என்றார். ஆனால் அருங்காட்சியகத்தில் அவர் கண்கள் தூணின் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். தமக்கையைக் கண்டும் காணாதவர்போல் இருந்தாரா? அல்லது மங்கிய வெளிச்சத்தில் ஏதோ ஒரு சிலையைப் பார்த்தாரா? கண்டிருந்தால், முதல் ஞாயிற்றுக்கிழமையே எங்களிடம் ஒன்றை மறைத்தவர் ஆகிறார். சத்தியம் என்ற சொல்லையும் சேர்த்துப் பொய்யுரைத்தவர் ஆகிறார்.

அன்றிரவு உணவின்போது இதை எடுத்து வைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா இன்னா இப்போ?" என்றாள் தனபாக்கியம். "அக்காவ காட்டிக் குடுக்கணுமா? நீங்க தனியா வரச்சொன்னீங்க. அது ஆசைல வந்துட்டுது. அவன் பார்த்தும் பாக்காத மாதிரி நின்னுருப்பான். எந்தத் தம்பியா இருந்தாலும் அதான் செய்வான்."

"அப்படியானால் அதைச் சொல்லியிருக்கலாமே. சத்தியம் எதற்கு?"

"கூட்டத்துல அத்தினி பேரு சுத்தி நின்னப்போ ஒருத்தன் இன்னா பேசுவான்னு கணக்கு வெச்சிக்கினா பேசுவான்?"

"பேசும் நேரத்தில் பொய் வருமானால், வாழும் நேரத்தில்?"

பூங்கொடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். உண்ணவில்லை.

"அப்பா" என்றாள். "சரசக்கா வேணாம்னு சொல்லிட்டா?"

நான் அவ்வாறு எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. நானே தேர்வு நடத்துவதாக எண்ணியிருந்தேன். மறுபுறம் ஒருத்தி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் ஒரு விடை இருந்தது. வேறொருவன் கையிலிருந்த கைப்பேசிக்கு முன்னால் அவளை நிறுத்தியவன் நான்.

மறுநாள் தனபாக்கியம் என்னிடம் சொல்லாமல் கொரட்டூருக்குப் போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழம வர்றாங்களாம். இந்தத் தபா ஒளிஞ்சிக்காம நேரா வருவாங்களாம்" என்றாள். அவ்வளவே.

மின்தூக்கியின் கதவு

மூன்றாம் ஞாயிறு மெரினாவின் கலங்கரை விளக்கம்.

சரசு அதே மஞ்சள் சேலையில் வந்திருந்தார். என்னைக் கண்டதும், "இன்னா நைனா, போலீசக் கூப்புடலயா?" என்றார். நான் கைகூப்பினேன். அவர் கூப்பவில்லை, ஆனால் இனியாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

மின்தூக்கியில் ஒரு முறைக்குச் சிலரே செல்லலாம். மேலே காற்று காதுகளை அடைத்தது. கிழக்கே கடல் நீலமாகவும் சாம்பலாகவும் பட்டைபட்டையாகக் கிடந்தது. மணலில் குடைகள் பொட்டுகளாகத் தெரிந்தன. மேற்குத் திசையில் வீடுகளும் மேலும் வீடுகளும் புழுதியில் போய் முடிந்தன. இணையப் பக்கம் இவ்விடத்தைப் பற்றிச் சொன்னதில் பொய் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"கொரட்டூர் ஏரி தெரியுதா?" என்று இனியா கேட்டாள்.

"அந்தாண்ட கீது கண்ணு, தெரியாது" என்றார் சரசு. "தெரிலன்னா இல்லன்னு அர்த்தமா?"

யாரை நோக்கிச் சொன்னார் என்று எனக்கு இன்றும் ஐயம்தான்.

இறங்கும் நேரம் வந்தது. மின்தூக்கிக்குள் நான், தனபாக்கியம், சரசு, இனியா ஏறிக்கொண்டோம். இடமிருந்தது. ஆயினும் பூங்கொடி வெளியே நின்றாள்.

"நீங்க முதல்ல இறங்குங்கப்பா. நாங்க அப்புறமா வர்றோம்."

அவள் பின்னால் செல்வம் நின்றிருந்தார். என் மகளின் முகத்தில், அவள் பள்ளித் தேர்வு எழுதப் போகும் காலையில் இருந்த அதே இறுக்கம்.

"அவரிடம் அதைக் கேட்கப் போகிறாயா?" என்றேன்.

"கேக்கத்தான் போறேன். நான் கேக்குறேன், நீங்க இல்ல."

கதவு மூடிக்கொண்டது.

கீழே வெயில் தகித்தது. சுண்டல்காரரிடம் தனபாக்கியம் பொட்டலங்கள் வாங்கினாள். மாங்காயும் தேங்காயும் கலந்த சுண்டல். வாசலருகே மணலில் உட்கார்ந்தோம். மின்தூக்கி பலமுறை திறந்தது. யார் யாரோ குழந்தைகளோடு இறங்கி வந்தனர். அவர்கள் இருவரும் வரவில்லை.

பொறுக்க முடியாமல் சரசுவின் பக்கம் திரும்பினேன்.

"நீங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தது தம்பிக்குத் தெரியுமா? உண்மையைச் சொல்லுங்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்."

சரசு சுண்டலை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னா நம்புவியா நைனா?"

நான் மின்தூக்கியின் கதவைப் பார்த்தேன்.

"தெரியாதுன்னு சொன்னா, தம்பிக்காகப் பொய் பேசுறேன்னுவ. தெரியும்னு சொன்னா, அதையே புடிச்சிக்கினு பொண்ண இட்டுக்கினு போயிடுவ. அப்புறம் எதுக்கு என்னைக் கேக்குற? மேல கேட்டுக்கினு கீறா இல்ல, அவ. அவதான வாழப்போறவ?"

தனபாக்கியம் சரசுவுக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். அதற்கு என்ன பொருள் என்று நான் உணர்ந்தேன். அவர்கள் இருவரும் கொரட்டூரிலேயே ஒரு பக்கம் சேர்ந்துவிட்டிருந்தனர்.

ஒருவழியாக மின்தூக்கி திறந்து, பூங்கொடியும் செல்வமும் வெளியே வந்தனர். காற்றில் அவள் தலைமுடி கலைந்திருந்தது. கண்கள் சிவந்திருந்தன, அழுதாளா, கடற்காற்றா என்று சொல்ல முடியவில்லை. செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எழுந்து நின்றேன்.

"கேட்டாயா, அம்மா?"

"கேட்டேன்பா."

"என்ன சொன்னார்?"

பூங்கொடி என்னை நேராகப் பார்த்தாள்.

"என்கிட்ட சொன்னாருப்பா" என்றாள். 'என்கிட்ட' என்னும் சொல்லைத்தான் அழுத்திச் சொன்னாள்.

பிறகு என்னைக் கடந்து சென்று, மணலில் உட்கார்ந்திருந்த சரசுவிடம் கைநீட்டினாள்.

"எழுந்திருங்க அண்ணி. வெயில் ஏறுது, பஸ்ஸு எந்தப் பக்கம்?"

அதுவரை அவரைச் சரசக்கா என்று அழைத்தவள். கணவரின் தமக்கையை அழைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டுச் சரசு ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பின், நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முந்தானையால் மூக்கைத் துடைத்தார். தனபாக்கியம் மறுபுறம் திரும்பிக்கொண்டாள்.

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். தெரியுமா, தெரியாதா என்பது அந்த முகத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. இப்போது அவர் என் மருமகன். கொரட்டூரில் அவர் வீட்டில் பலமுறை உணவருந்தியிருக்கிறேன். அந்த விடை மட்டும் இன்றளவும் என்னிடம் வந்து சேரவில்லை.

சாலையில் பேருந்து வந்து நின்றது. எல்லோரும் ஓடினர். படியில் நான் தயங்குவதைக் கண்ட சரசு, உள்ளிருந்து கை நீட்டினார்.

"இன்னா நைனா, இன்னும் சந்தேகமா?"

"ஆம்" என்றேன்.

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நீ ஏறு."